பதினெட்டாம் வரிசையில் மூன்றாவது இடம்

மார்ச் 2, 1971, செவ்வாய்

வலது கை ஓரமெல்லாம் மை. தேய்த்தும் போகவில்லை.

இன்று நகரசபை போடப்போகும் சுற்றுச்சாலையின் ஏழாம் தாளைப் படியெடுத்தேன். மேல்மாடிப் பொறியாளர்கள் பென்சிலில் போட்டுத் தருவதை நான் மெழுகுத் துணியில் மையால் வரைய வேண்டும். யோசிப்பதற்குச் சம்பளம் கிடையாது. ஏழாம் தாளின் நடுவில் ஒரு சின்னச் செவ்வகம். அதற்குள் பென்சிலில் ‘காலி நிலம்’ என்று இருந்தது. நானும் என் அழகான கையெழுத்தில் காலி நிலம் என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் எந்த இடம் என்று உறைத்தது.

எங்கள் தோட்டம். ஆல்டர்பெக் ஊரின் குவேக்கர்கள், பாதிரியாரும் சிலுவையும் இல்லாத எங்கள் கிறித்தவச் சபையினர், இருநூறு வருடமாகத் தங்கள் பிணங்களைப் புதைத்த இடம். இருநூற்றுப் பதினொரு பேர். அதில் ஒருவர் என் அப்பா.

ராம்ஸ்டனிடம் போய்ச் சொன்னேன். தலைமைப் பொறியாளர், கெட்டவர் இல்லை, வயிற்றுப்புண்.

“அது காலி நிலம் இல்ல, மிஸ்டர் ராம்ஸ்டன்.”

“பேர்க்கல்லு இருக்கற ஏழு இடத்தையும் குறுக்குக்கோடு போட்டுக் காட்டிருக்கே, ஹெஸ்டர். மிச்சமெல்லாம் புல்லுதான?”

பதினெட்டுக் குழி உள்ள கால்ஃப் மைதானத்தை இந்தச் சாலை மரியாதையாகச் சுற்றிப் போகிறது. பதினெட்டு வரிசை உள்ள எங்கள் தோட்டத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. இதை வரைந்து கொடுப்பவள் நான்.

மார்ச் 7, ஞாயிறு

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, பேச்சில்லாமை.

“தோட்டத்த விக்க நீதான கையெழுத்துப் போட்ட?” என்றேன்.

“கூட்டம் முடிவு பண்ணுச்சு. நான் எழுதினேன்.”

“ஒருத்தர்கூடவா வேணாம்னு சொல்லல?”

“யாரும் சொல்லல.”

“நீ?”

“எழுத்தருக்குச் சொந்தக் கருத்து கிடையாது. உனக்குத் தெரியாததா? குழம்ப ஊத்திக்கோ, ஆறுது.”

தெரியும். எங்கள் ஆட்கள் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஏதாவது தட்டினால் எழுந்து சொல்வார்கள். எல்லாம் அடங்கிய பிறகு, கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுத்தர் உணர்ந்து அங்கேயே எழுதி வாசிப்பார். ஒப்புக்கொள்கிறவர்கள் ‘நம்புகிறேன்’ என்று மட்டும் சொல்வார்கள். பிரிசில்லா ஓல்ட்ராய்ட், என் அம்மா, பத்தொன்பது வருடமாக எழுத்தர்.

போன அக்டோபரில் நிலம் கேட்டு வந்த நகரசபையின் கடிதத்தை வாசித்துவிட்டு ஒன்பது பேர் நாற்பது நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்பது நிமிடத்தை அம்மா ‘சம்மதம்’ என்று எழுதினாள். ஒன்பது ‘நம்புகிறேன்’. தோட்டம் போயிற்று.

மூன்று வருடத்துக்கு முன் நான் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியதே இதற்குத்தான். உலகம் தீப்பிடித்து எரிகிறது, இவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரச் சத்தம் கேட்கிறார்கள்.

புருஷனைப் புதைத்த நிலத்தை விற்றுவிட்டுக் குழம்பு ஆறுகிறதாம்!

மார்ச் 9

தூங்கி எழுந்ததும் அப்பாவின் நகங்கள் ஞாபகம் வந்தன. ஸ்டாக்டேல் ஆலையின் சாயப்பட்டறையில் வேலை. வார முடிவில் எந்தத் தொட்டியோ அந்த நிறம். கருநீலம் வந்தால் போலீஸ்காரர்களுக்குக் கோட்டு, சிவப்பு வந்தால் ஏதோ பணக்காரப் பள்ளிக்கு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, நிறமான பத்து நகங்களையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் நகங்களை எண்ணுவேன். மறுபடி எண்ணுவேன். ஒரு மணி நேரம் அப்படித்தான் போகும்.

போரில் துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனவர். சாயப்புகை நெஞ்சில் ஏறி 1953 நவம்பரில் செத்தார். எனக்கு ஏழு வயது.

கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் பின்கதவு வழியாகத் தோட்டத்துக்கு ஓடுவோம். ஏழு கல் தவிர வேறு கல் இல்லை, சிலுவை இல்லை, இடுப்புயரப் புல். ஒரு பேரி மரம். செவ்வந்திப் பூவும் புதினாவும் தானாக முளைத்துக் கிடக்கும். இங்கே ஓடாதே, அங்கே மிதிக்காதே என்று யாரும் சொன்னதில்லை. செத்தவர்கள் மேல் உருண்டு விளையாடினோம், யாருக்கும் வலித்ததாகத் தெரியவில்லை.

அப்பா கடைசி வரிசையில் எங்கோ. சரியாக எங்கே என்று நான் கேட்டதில்லை, அம்மா காட்டியதில்லை. அவர் போன பிறகு அம்மா கோடைக்காலத்தில் ரொட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வருவாள். மேற்கு வாசலுக்குப் பக்கத்தில், வடக்குச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, எப்போதும் ஒரே இடம். “இங்கதான் வெயில் விழுது” என்பாள். வெயில் எல்லா இடத்திலும்தான் விழுந்தது. நான் எதிர்த்துப் பேசியதில்லை. அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேரிக்காய் தின்பேன். புழு இருந்தால் துப்பிவிட்டு மறுபக்கம் கடிப்பேன்.

அந்தப் பேரிக்காயின் ருசியை எந்தக் கடையிலும் விற்பதில்லை. இதை எழுதும்போது எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

மார்ச் 15

பத்திரிகையில் அறிவிப்பு. கத்தரித்து ஒட்டியிருக்கிறேன்.

பெயர்க்கல் உள்ள எச்சங்கள் தனித்தனிப் பெட்டியில் பெயரோடு புதிய இடுகாட்டில் மறு அடக்கம் செய்யப்படும். அடையாளமற்ற எச்சங்கள் ஒரே குழியில் இடப்படும்.

ஏழு கல்லும் யாருடையவை? ஸ்டாக்டேல். ஆலை முதலாளிகள். ரொம்ப காலம் குவேக்கர்கள் கல்லே வைக்கவில்லை. பணக்காரனும் சாயக்காரனும் ஒரே புல்லின் கீழ் கிடக்கட்டும் என்ற எண்ணம். நூறு வருடத்துக்கு முன்னால் சின்னக் கல் வைக்கலாம் என்று விதி தளர்ந்தபோது ஸ்டாக்டேல்கள் உடனே வைத்தார்கள், கொஞ்சம் பெரிதாகவே வைத்தார்கள். மற்றவர்கள் கடைசிவரை வைக்கவில்லை. என் அப்பாவும் வேண்டாம் என்றார். “எல்லாரும் சமம்னு சொல்லிட்டு எனக்கென்னத்துக்குத் தனிப் பலகை?” என்றாராம்.

சமமாகக் கிடந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு இது. கல் வைத்தவன் மனிதன். வைக்காதவன் எச்சம். இருநூற்று நான்கு பேர் ஒரே பள்ளத்தில்!

மார்ச் 21, ஞாயிறு

கூட்டத்துக்குப் போனேன். பக்திக்காக இல்லை. அடக்கப் பதிவேடு அங்கே அலமாரியில் இருக்கிறது.

ஒன்பது பேர். என்னோடு பத்து. ஒரு மணி நேர மௌனம். சன்னலில் ஒரு ஈ. நான் முழங்காலில் கையை வைத்து என் நகங்களைப் பார்த்தேன். மை. கறுப்பு. எண்ணினேன், வெட்கமில்லாமல்.

தேநீர் நேரத்தில் ஆம்ப்ரோஸ் டார்டாஃப் என் தோளில் தட்டினார். எண்பத்து நான்கு வயது. பழைய கல்குவாரித் தொழிலாளி. எங்கள் குழிகளையெல்லாம் வெட்டியவர். காது பாதி போய்விட்டது, அதனால் எல்லாரையும் செவிடர்களாக நினைத்துக் கத்துவார். பழைய காலத்துக் குவேக்கர் வழக்கப்படி மேயரைக்கூட ‘நீ’ என்றுதான் அழைப்பார்.

“என்ன புள்ள, நீ கம்யூனிஸ்டாயிட்டேன்னு சொன்னாங்க! டீ குடிப்பியா, அதையும் விட்டுட்டியா?”

“குடிப்பேன்.”

“அப்ப இன்னும் முழுசாக் கெடல.”

அம்மாவிடம் பதிவேடு கேட்டேன். “என்னக் கேக்காத. கூட்டத்தக் கேளு” என்றாள். பெத்த தாயிடம் ஒரு புத்தகம் கேட்டால் தீர்மானம் போட வேண்டும். போட்டார்கள். நம்புகிறேன், நம்புகிறேன். கொடுத்தார்கள்.

மார்ச் 24

1748-இலிருந்து பெயர்கள். நெசவாளி. கம்பளி வாருபவள். ‘வழிப்போக்கன், பெயர் சொல்லாமல் இறந்தான், நம்மிடையே கிடத்தினோம்.’ இருபத்திரண்டு பச்சைக் குழந்தைகள், ஒரே குளிர்காலத்தில் ஆறு.

பக்கம் பக்கமாக வெறும் பெயரும் தேதியும். இடம் எங்கேயும் இல்லை.

மார்ச் 25

இடம் இருக்கிறது! எவ்வளவு மடச்சி நான்.

எங்களில் யாரும் யார் பக்கத்தில் படுப்பது என்று தேர்ந்தெடுக்க முடியாது. கணவன் பக்கத்தில் மனைவி, தாய் பக்கத்தில் பிள்ளை என்றெல்லாம் கிடையாது. எந்த வரிசையில் சாகிறோமோ அந்த வரிசையில் படுக்க வேண்டும். கிழக்குச் சுவரிலிருந்து முதல் வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு பேர், வடக்கிலிருந்து தெற்காக. நிரம்பினால் அடுத்த வரிசை. சின்ன வயதில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன், “வந்த வரிசையில படு.”

அப்படியென்றால் பதிவேட்டின் வரிசைதான் நிலத்தின் வரிசை. முதல் பெயர் முதல் இடம். இருநூற்றுப் பதினொன்றாவது பெயர் பதினெட்டாம் வரிசையில் ஏழாம் இடம். 1962-க்குப் பிறகு யாரையும் புதைக்கவில்லை. ஆனால் இடுகாட்டை மூடவும் இல்லை.

அப்பா 206. பதினெட்டாம் வரிசை, இரண்டாவது.

மார்ச் 27

மதிய இடைவேளையில் நாடாவோடு போய் அளந்தேன். ஸ்டாக்டேல் கற்கள் ஏழும் என் கணக்கு சொன்ன இடத்திலேயே இருக்கின்றன. ஏழும்! முதலாளிகளும் வரிசையில்தான் படுத்திருக்கிறார்கள். முதல் தடவையாக அவர்களால் எனக்கு ஒரு உபயோகம்.

பேரி மரத்தில் மொட்டு. சிவப்புச் சாயத்தில் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 30

பதிவேட்டுப் பெயர்களை இடத்தோடு குறித்து நான் போட்ட வரைபடத்தை ராம்ஸ்டன் ரொம்ப நேரம் பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“சரி. பேரும் இடமும் இருந்தா தனிப்பெட்டி குடுக்கலாம். சட்டத்துல தடையில்ல. ஆனா ஒண்ணு, ஹெஸ்டர். மண்ணத் தோண்டறப்ப உன் படத்துக்கும் மண்ணுக்கும் ஒரு இடம் ஒத்து வரலன்னாலும் முழுப் படத்தையும் தூக்கி வச்சிருவேன். தப்பான பெட்டியில தப்பான பேரு ஒட்டினேன்னு நாளைக்கு எவனும் கோர்ட்டுல நிக்க வைக்கக் கூடாது.”

“ஒத்து வரும்.”

“ரோடு நிக்காது. அதையும் தெரிஞ்சுக்கோ.”

தெரியும். ரோடு நிற்கும் என்று நம்புகிற வயது எனக்குப் போய்விட்டது. பெயராவது போகட்டும் பெட்டிமேல்.

ஏப்ரல் 8

பேரி மரத்தை வெட்டிவிட்டார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

ஏப்ரல் 20, செவ்வாய்

தோண்டுகிறார்கள். சுற்றிலும் தார்ப்பாய்த் திரை. மேற்கு வாசல் வழியாகத்தான் வண்டி வர முடியும், அதனால் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பம். படம் என்னுடையது என்பதால் என்னை உள்ளே விட்டார்கள்.

மேஸ்திரி மல்வி, அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர். ஒவ்வொரு குழிக்கும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார். “உங்க ஆளுங்களுக்கு இது புடிக்குமோ என்னமோ பொண்ணு, ஆனா என் கை நிக்க மாட்டேங்குது” என்றார். போடுங்கள் என்றேன்.

முதல் இடம், ஆள் உண்டு. இரண்டாவது உண்டு. அப்பா. நான் பார்க்கவில்லை. பெட்டியின் மூடியை மட்டும் பார்த்தேன்.

மூன்றாவது - யாரும் இல்லை.

மல்வி ஆறடி இறங்கிவிட்டு மேலே வந்தார். “இங்க எவனும் மண்வெட்டி போட்டதே இல்ல பொண்ணு. ஒருதடவ வெட்டி மூடின மண்ணு கலங்கிக் கெடக்கும். இது பாரு, அடுக்கடுக்காக் கடவுள் வச்ச மாதிரியே இருக்கு.”

நாலு, ஐந்து, ஆறு, ஏழு, எல்லாவற்றிலும் ஆள். என் படத்தில் காலியாக இருக்க வேண்டிய எட்டிலும் ஆள்.

மாலை ராம்ஸ்டன் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் மோசம். “முதல் நாளே, தோண்டின முதல் வரிசையிலயே.” திங்கட்கிழமை வரை தோண்டலை நிறுத்தி வைத்திருக்கிறார். அதற்குள் எழுத்தில் காரணம் காட்டாவிட்டால் படம் குப்பை. இருநூற்று நான்கு பேரும் பள்ளத்துக்கு.

எங்கே தவறினேன்? வரிசை எங்கே பிசகியது? இந்த ஒரு இடம் பிசகியிருந்தால் மற்றது எத்தனை? அந்த இரண்டாவது பெட்டி அப்பாதானா?

பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எண்ணினேன்.

ஏப்ரல் 22, வியாழன்

ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போனேன். வாசலில் மண்சட்டியைக் கவிழ்த்து அதனடியில் ருபார்ப் தண்டு வளர்க்கிறார்.

“1953-ல, எங்கப்பாவுக்கு அடுத்து ஃபீபி கார்சைடுக்குக் குழி வெட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? ஏன் ஒரு இடம் தள்ளி வெட்டினீங்க?”

காது கேட்காத மாதிரி இருந்தார். மறுபடி கத்திக் கேட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

“கேட்டுச்சு புள்ள. அதான் பேசல.”

சட்டியை நகர்த்தினார். திரும்ப வைத்தார்.

“உங்கம்மா கேட்டா. ‘ஆம்ப்ரோஸ், பக்கத்து இடத்த விட்டுரு’ன்னா. எதுக்குன்னு கேக்கல. கேக்கவும் வேணுமா? விட்டேன். அடுத்த ஆளு வந்தப்ப தள்ளி வெட்டினேன். புல்லு மொளச்சாச்சு, யாருக்குத் தெரியும்? பதினேழு வருசமா அவளுக்கும் எனக்கும் ஆண்டவனுக்கும் தெரியும்.”

என் அம்மாவா! ஊரில் யாராவது கோட்டில் ஒரு பித்தான் கூடுதலாக வைத்தால்கூட ‘எளிமை’ என்று நினைவூட்டுகிற பிரிசில்லா ஓல்ட்ராய்டா?

“அப்புறம் ஏன் அம்மா அக்டோபர்ல விக்க ஒத்துக்கிட்டாங்க? நீங்க ஏன் வாயத் திறக்கல?”

“நான் அவ மூஞ்சியத்தான் பாத்திட்டிருந்தேன். அவ புருசன் அங்க கெடக்கான். அவ எடமும் அங்க இருக்கு. அவளே பேசல. நான் யாரு பேச? எல்லாரும் அவளத்தான் பாத்தாங்க.”

அவள் எழுத்தர். மற்றவர்கள் பேசுவார்களா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது நிமிடம். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று ஒன்பது பேர் மௌனமாக இருந்து, மொத்தத் தோட்டத்தையும் தொலைத்திருக்கிறார்கள். வேறு எவனாவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்வானா? சிரிக்க வேண்டும் போல் இருந்தது. பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

வெயில் அங்கேதான் விழுந்தது. ஆமாம்மா. அங்கேதான் விழுந்தது. அவள் தன் இடத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறாள், பத்து வருடமாக, அவர் பக்கத்தில்.

ஏப்ரல் 23, வெள்ளி

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் துடைத்தேன். முகம் பார்க்காமல் பேசுவதற்கு அதுதான் வசதி.

“மூணாவது இடம் காலியா இருந்துச்சு.”

கை நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

“ஆம்ப்ரோஸ் சொல்லிட்டானா?”

“மண்ணு சொல்லுச்சு. அவரு அப்புறம்தான் சொன்னாரு. ஏம்மா பேசல? அக்டோபர்ல ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“என்னன்னு சொல்ல? நான் வரிசைய மீறித் திருட்டுத்தனமா ஒரு எடம் புடிச்சு வச்சிருக்கேன், அதனால நிலத்த விக்காதீங்கன்னா? பொது நிலம் அது. என் ஆசைக்காகக் கூட்டத்த நிறுத்தச் சொல்றியா?”

“எல்லாரும் சம்மதம்னு எழுதினியே.”

“எல்லாரும் சம்மதமாத்தான் இருந்தாங்க.”

“யாருமே சம்மதமா இல்லம்மா! எல்லாரும் உன் மூஞ்சியப் பாத்திட்டிருந்தாங்க. நீ பேசுவேன்னு.”

அவள் தட்டை மெதுவாகத் தொட்டியில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. சோப்பு நுரையோடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவள் முகம் அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னேன். திங்கட்கிழமைக்குள் எழுத்தில் வேண்டும். வரிசை பிசகியது இந்த ஒரே இடத்தில், இந்தக் காரணத்தால், என்று கூட்டம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாரும் பள்ளத்துக்கு.

“அப்ப எல்லாருக்கும் முன்னாடி நான் சொல்லணும்.”

“ஆமா.”

“உங்கப்பா கோவிச்சுக்குவாரு. அவருகிட்டயும் கேக்கல நான்.” நுரைக் கையை மடியில் துடைத்துக்கொண்டு, “சிரிச்சாலும் சிரிப்பாரு” என்றாள்.

நான் கோபமாக வந்தேன். கோபத்தை எங்கேயோ வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு

அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

வழிபாடு முடிந்ததும் அலுவல் கூட்டம். அம்மா எழுத்தர் மேசையிலிருந்து எழுந்தாள். தீர்மானப் புத்தகத்தையும் பேனாவையும் என் மடியில் வைத்தாள். “இன்னிக்கு நான் எழுத முடியாது. என்னப் பத்தின விஷயம். ஹெஸ்டர் எழுதுவா. கூட்டத்துக்குச் சம்மதமா?” சம்மதம் என்றார்கள். நான் மூன்று வருடம் வராதவள். யாரும் அதைச் சொல்லவில்லை.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. இன்ன வருடம், இன்ன மாதம், இன்னாரிடம் கேட்டேன், இன்ன இடம் விடப்பட்டது. குற்றப் பத்திரிகை வாசிப்பது போல. அழவில்லை. கடைசியில் இதையும் சொன்னாள்:

“விதிய மீறினது நான்தான். அதனால அந்த இடத்த விட்டுக் குடுக்கறேன். புது நிலத்துல இடைவெளி இல்லாம வரிசையா வைக்கட்டும்.”

உட்கார்ந்தாள். மௌனம். அதே ஒன்பது பேர். அதே கடிகாரம். மறுபடியும் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க, நான் ‘சம்மதம்’ என்று எழுதிவிடுவேனோ என்று பயந்தேன். அப்போதுதான் தெரிந்தது எழுத்தராக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

ஆம்ப்ரோஸ் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கத்தினார். எப்போதும் கத்துகிறவர்தான், ஆனாலும்.

“பிரிசில்லா! போன தடவ எங்க மௌனத்துக்குத் தப்பா அர்த்தம் எழுதிட்ட. எங்க மேலயும்தான் தப்பு. இந்தத் தடவ செவுடனுக்கும் கேக்கற மாதிரிச் சொல்றேன். வேணாம். விட்டுக் குடுக்காத. அந்த இடமும் கூடவே வரணும்!”

“விதி…” என்றாள் அம்மா.

“விதி கெடக்கட்டும். குழி வெட்டினவன் சொல்றேன்.”

மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எங்கள் ஆட்கள் இத்தனை பேர் ஒரே நாளில் பேசி நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேர் அக்டோபரில் பேசாததற்கு மன்னிப்புக் கேட்டார்கள். யாரிடம் என்று தெரியவில்லை.

நான் எழுதினேன். என் அழகான கையெழுத்து கோழிக் கிறுக்கலாயிற்று. வாசித்தேன்:

‘1953-இல் எட்கர் ஓல்ட்ராய்டுக்கு அடுத்த இடம், அவர் மனைவி பிரிசில்லாவின் வேண்டுகோளின்படி, கூட்டத்துக்குத் தெரியாமல் காலியாக விடப்பட்டது. வரிசை வேறெங்கும் மாறவில்லை என்று குழி வெட்டிய ஆம்ப்ரோஸ் டார்டாஃப் உறுதி கூறுகிறார். அது ஒழுங்கு மீறல். அந்த ஒழுங்கு மீறலும் புதிய நிலத்துக்கு எங்களோடு வர வேண்டும் என்று விரும்புகிறோம்.’

நம்புகிறேன். நம்புகிறேன். எட்டுக் குரல். நான் தலை தூக்காமல் ஒன்பதாவதுக்குக் காத்திருந்தேன்.

“நம்புறேன்” என்றாள் அம்மா.

ஏப்ரல் 26

ராம்ஸ்டன் இரண்டு முறை படித்தார். “இப்படி ஒரு அரசாங்கக் காகிதத்த நான் என் சர்வீஸ்ல கோப்புல போட்டதில்ல.” போட்டார். நாளை முதல் தோண்டலாம்.

மே 19

முடிந்தது. ஒரு இடமும் பிசகவில்லை. வழிப்போக்கனுக்கும் தனிப்பெட்டி. பெயருக்குப் பதில் ‘வழிப்போக்கன்’ என்று எழுதி ஒட்டினேன்.

மல்வி கடைசிப் பெட்டிக்கும் சிலுவை போட்டார்.

ஜூன் 3

புதிய இடுகாட்டுக்கு வரைபடம் போட்டேன். ஊருக்கு வெளியே, ரயில் பாதையோரம், மேட்டு நிலம். மரம் இல்லை. காற்று ஆளைத் தள்ளுகிறது. பழைய வரிசையே, பழைய இடைவெளியே. இருநூற்றுப் பன்னிரண்டு செவ்வகம், இருநூற்றுப் பதினொரு எண்.

மல்வி படத்தில் விரல் வைத்துக் கேட்டார், “இந்த எண் இல்லாத இடத்துல என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. அப்படியே விடணும்.”

“காலிக் குழிய எடம் மாத்தறதா? முப்பது வருசத் தொழில்ல இவ்ளோ லேசான வேலைய யாரும் குடுத்ததில்ல பொண்ணு.” ஆனால் அந்த இடத்தின் நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டி வைத்திருந்தார், ஆட்கள் தெரியாமல் வெட்டிவிடக் கூடாது என்று.

ஜூன் 28

தோட்டத்தில் தார் ஊற்றுகிறார்கள். பஸ்ஸை விட்டு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிச் சுற்றி நடந்தேன். தார் வாசனை இங்கே வீடுவரை வருகிறது. இந்த ஊரில் புதினா எங்கேயாவது தானாக முளைத்தால் அதன் மேல் சாலை போட யாராவது வருவார்கள். கால்ஃப் மைதானத்தில் இன்று ஏதோ போட்டி, கொடி கட்டியிருந்தார்கள்.

ஜூலை 11, ஞாயிறு

கூட்டம் முடிந்து அம்மாவோடு பஸ்ஸில் மேட்டு நிலத்துக்குப் போனேன். பையில் ரொட்டியும் தேநீர்ப் புட்டியும். புல் இன்னும் சரியாக வரவில்லை, செம்மண் தெரிகிறது. கல் ஒன்றும் கிடையாது, நடு வரிசைகளில் அந்த ஏழு கல்லைத் தவிர. முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள். எது எங்கே என்று வந்தவர் யாருக்கும் தெரியாது. நான் படத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். காற்றில் தலைமுடி முகத்தில் அடித்தது. பையை வைக்க ஒரு இடம் பார்த்து நின்றேன்.

“தள்ளி நில்லு” என்றாள் அம்மா. “என் எடத்துல நிக்கற.”

நகர்ந்தேன். அவள் கோட்டை விரித்து உட்கார்ந்தாள், காலை நீட்டினாள், எனக்குப் பாதி ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

“இங்கயும் வெயில் விழுது” என்றாள்.